மாமியார் பேர்ல ஒரு சாராயம்

...அதத்தாங்க்கா நானும் சொல்றேன். திருட்டுத்தனமா காய்ச்சுனவனெல்லாம் எங்க ஊர்ல ராஜா மாதிரி நடக்குறான். லைசென்ஸ் வாங்கிக் காய்ச்சுன நான்தான், பாருங்க, பொண்டாட்டி இல்லாம, கார்ல ஹீட்டர் இல்லாம, முன்னப்பின்ன தெரியாத உங்க கார்ல ஏறி ஒக்காந்துகிட்டு, வண்டி ஏத்திட்டுப் போற படகுக்குக் காத்துக்கெடக்கேன். கண்ணாடியத் தட்டுனதுமே கதவத் தொறந்தீங்க பாருங்க, அது பெரிய மனசு. இந்த வரிசையில நிக்கிறவன் ஒருத்தன்கூடத் தொறக்கல. என்னப் பாத்ததும் தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டான். எல்லாம் தெரிஞ்சவனுங்க. தெரிஞ்சவன்னாலே அப்பிடித்தான்.

நீங்க பின்னுங்க, பின்னுங்க. எனக்காக நிறுத்த வேண்டாம். கையுறையா? ...சாக்ஸா. நல்லாருக்கு, நல்லாருக்கு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். மூடுபனி வெலகுனாத்தான் படகு வரும். மழை வேற.

நான் எங்க போறேன்னு கேட்டீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்லிடறேன். எம்பேரு ரைதார். கிரோவிக் ஊரு. இந்த ரோட்டுலயே திரும்பிப் போனீங்கன்னா கடைசியில வரும், அதுக்கப்புறம் ரோடு கெடையாது. என் பொண்டாட்டி ரக்னா, அந்தக் கரையில தீவுல அவ அக்கா வீட்டுல போய் ஒக்காந்துட்டா. கூட்டிட்டு வரப் போறேன். வருவாளான்னு தெரியாது. "எங்கம்மா உங்கூட ஒரு வார்த்த பேசட்டும், அன்னிக்கே பொட்டியக் கட்டுறேன்"னு சொல்லிட்டா. ஒரே ஒரு வார்த்ததான் கேட்டா. ஆனா எங்க மாமியாரு போர்கில்டு இருக்காங்களே... அவங்க முப்பது வருஷத்துக்கு மின்ன ஒரு பாதிரியார்கிட்ட பேச்ச நிறுத்துனாங்க. அந்தாளு செத்தப்ப சாவுக்குப் போனாங்க. அப்பவும் பேசல.

என்ன செஞ்சேன்னு கேக்குறீங்க. நான் ஒண்ணுமே செய்யல. ஒரு ஆலை ஆரம்பிச்சேன். அவ்வளவுதான்.

மொதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் வெளங்கும். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிட்டிருந்தேன். பிள்ளைங்க கொறஞ்சுது, கொறஞ்சுது, கடைசியா ஒரே ஒரு பொண்ணு. அவளும் ஒருநாள், "மாமா, நீங்க பேசிட்டே ஓட்டுறீங்க, எனக்குத் தல வலிக்குது"ன்னு சைக்கிள் வாங்கிட்டா. பஸ் நின்னுபோச்சு. அப்ப ஊராட்சியில கூட்டம் போட்டாங்க. வடக்குல ஆளில்ல, எல்லாரும் தெக்க ஓடுறாங்க, யாராவது எதையாவது ஆரம்பிங்கப்பான்னு. கூட்டத்துக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு தெக்கேருந்து வந்த ஆலோசகருங்க. காப்பியும் கேக்கும் நல்லாருந்துது. நான் எந்திரிச்சு, "மீன் பதப்படுத்துற கொட்டகை சும்மாதானே கெடக்கு, அதுல சாராயம் காய்ச்சலாம்"னேன்.

எங்க ஊர்க்காரனெல்லாம் காப்பிக் கோப்பைய உத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டான். ஏன்னா அந்தக் கூட்டத்துல இருந்த எங்க ஊர்க்காரன் ஒவ்வொருத்தன் வீட்டுலயும், மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி, ஊறல் போட்டிருக்கான்! யாரும் யார்கிட்டயும் சொல்றதில்ல. எல்லாருக்கும் தெரியும். அது வேற, இது வேற. வாயத் தொறந்து அந்த வார்த்தயச் சொன்னது ஊர் சரித்திரத்துலயே நான்தான் மொதல் ஆளு.

ஜெர்மனிலேருந்து செப்பு அண்டா வந்துச்சுங்க. பெரிசு, பளபளன்னு, கல்யாணப் பொண்ணு மாதிரி. லாரியிலேருந்து எறக்க ஊரே வந்துச்சு. பக்கத்து வீட்டு எட்வின், "இது என்னப்பா, பால் காய்ச்சற பானையா?"ங்கறான். கேட்டுக்கிட்டே அவன் கை நேரா போய் சரியான வால்வத் திருவுது! "மூடி கொஞ்சம் உசரம் பத்தாதே"ங்கறான் இன்னொருத்தன். பால் பானைக்கு எதுக்குடா உசரம்னு நான் கேக்கல. மரியாதன்னு ஒண்ணு இருக்கில்ல.

அப்புறம் ஆரம்பிச்சுது அதிகாரிங்க வரத்து. ஒருத்தர் வந்து, தீப்பிடிச்சா ஓடறதுக்குப் பின்னாடி ஒரு கதவு வைங்கன்னாரு. பின்னாடி கடலுங்க. வச்சேன். அடுத்தவரு வந்து, பின்கதவு இருந்தா சரக்கு திருட்டுத்தனமா வெளிய போயிரும், அத மூடுங்கன்னாரு. மூடுனேன். இப்ப அங்க ஒரு கதவு இருக்கு, தொறக்காது. ரெண்டு பேருக்கும் சந்தோசம். விளம்பரம் பண்ணக்கூடாது, அது சட்டம். நான் விக்கவும் கூடாது, அரசாங்கக் கடைதான் விக்கணும். சரி, கொட்டகை வாசல்ல வெறும் என் பேர மட்டும் எழுதி ஒரு பலகை வச்சேன். டூரிஸ்ட்டுங்க வண்டிய நிறுத்தி, "படகு ரிப்பேர் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. ரெண்டு மூணு படகு ரிப்பேர் பண்ணியும் குடுத்தேன், என்ன பண்றது.

மொதல் சரக்கு உருளக்கிழங்குல போட்டேன். எட்வின் வந்து குடிச்சான். ரொம்ப நேரம் யோசிச்சான். "காட் மீனா?"ன்னான்.

கொட்டகை வாசனங்க! சுவர், தரை, கூரையெல்லாம் கழுவித் தள்ளியிருந்தேன். அந்த மீனு எங்கருந்து வந்துதுன்னே தெரியல. ஊராட்சி எனக்குன்னு ஒரு ஆலோசகர அனுப்பிருந்தாங்க, பிரேபன்னு பேரு, தெக்கத்திப் பையன், வெள்ளச் செருப்பு போட்டுக்கிட்டு சேத்துல நடப்பான். அவன் குடிச்சுட்டு, "அற்புதம்! இதுல கடலே இருக்கு!"ங்கறான். அடேய், கடல் இல்லடா, செத்த மீன்டான்னு சொன்னேன். எழுதி வச்சுக்கிட்டான்.

...படகா? இல்லக்கா, அது பறவை. பனியில எல்லாம் படகு மாதிரிதான் தெரியும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ரக்னா. அவதாங்க என்னக் காப்பாத்துனவ. அடுப்படியிலேருந்து ஒரு வாளி முல்தேப் பழம் தூக்கிட்டு வந்து, "இதப் போட்டு ஊறவை"ன்னா. அவ அம்மாவோட சதுப்பு நெலத்துல பொறுக்குன காட்டுப் பழம்.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எங்க பக்கத்துல ஒருத்தன்கிட்ட பேங்க்ல எவ்வளவு வச்சிருக்கேன்னு கேளுங்க, சொல்லுவான். கல்யாணத்துக்கு மின்ன யாரோட சுத்துனேன்னு கேளுங்க, பொண்டாட்டிய வச்சுக்கிட்டே சொல்லுவான். முல்தே எங்க பொறுக்குறேன்னு மட்டும் கேளுங்க... காது செவிடாயிரும். "ஏதோ மேல, அங்கிட்டு"ம்பான். ஒரு செடிக்கு ஒரே ஒரு பழம், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே கழண்டுரும், இதுக்கா இந்த ரகசியம்னு எனக்குச் சின்ன வயசுலேருந்தே புரியல. எங்க வீட்டுல சதுப்பு கெடையாது, அதனால இருக்கலாம்.

போர்கில்டு அத்த பழம் பொறுக்கக் கெளம்பறதப் பாக்கணும் நீங்க! காரக் கல்லறைத் தோட்டத்து வாசல்ல விடுவாங்க. கையில பூ. புருசன் சமாதியில பூவ வச்சுட்டு, அப்பிடியே ஓடைப் பக்கமா எறங்கி, எதிர்த் திசையில நடந்து, ஒரு சுத்து சுத்தி மேல ஏறுவாங்க. ஊரே, "பாவம், புருசன் மேல எவ்வளவு பாசம்"னு பேசிக்கும். பாசமெல்லாம் பழம் பழுக்கற மாசத்துல மட்டும் பொத்துக்கிட்டு வரும், அத யாரும் கவனிக்கல.

எங்க பக்கம் மாப்பிள்ளைக்கு எடத்தக் காட்ட மாட்டாங்க. பொண்ணுக்குக் காட்டுவாங்க, பேத்திக்குக் காட்டுவாங்க. மாப்பிள்ள நாளைக்கே வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டுப் போனா? அத்தைக்கு முட்டி போச்சு, வாளி தூக்க ஆள் வேணும், அதனால போன வருசம் என்னக் கூட்டிட்டுப் போனாங்க. கல்யாணமாகி எத்தன வருசம் கழிச்சு! பாதி வழியில நின்னு திரும்பிப் பாத்து, "ரைதார், உன் வாயப் பத்தி எனக்குத் தெரியும்"னாங்க. "அத்த, இது என்னோட செத்தாலும்..."னு நான் ஆரம்பிச்சேன். "இப்பவே பேசறான் பாரு"ன்னு சொல்லிட்டு மேல நடந்தாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. நெசமாத்தான். அந்தச் சதுப்புல அன்னிக்கு நின்னப்ப நான் அந்த வீட்டு ஆளா ஆயிட்டேன்னு ஒரு இது.

சாராயம் எப்பிடி வந்துச்சுன்னா... எட்வின் குடிச்சான். டம்ளர நீட்டுனான். மறுபடி குடிச்சான். "மோசமில்ல"ன்னான். நம்ம வடக்குல இதுக்கு மேல ஒருத்தன் புகழ்ந்தான்னா அவனுக்கு ஒடம்பு சரியில்லன்னு அர்த்தம். மீனப் பத்தி ஒரு வார்த்த இல்ல.

இங்கதாங்க பிரேபன் உள்ள வர்றான். "மாமா, இன்னிக்கு ஜனங்க குடிக்கறது சாராயத்த இல்ல. எடத்தக் குடிக்கறாங்க. கதையக் குடிக்கறாங்க. வடக்கத்திப் பழம்னு எல்லாரும்தான் போடுறான். எந்தப் பழம்? எந்த மண்ணு? யாரு கை?" எப்பிடிக் கேக்குறான் பாத்தீங்களா! என் வாழ்க்கையிலயே என்னை யாரும் இப்பிடி ஒக்கார வச்சு, "சொல்லுங்க, சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க"ன்னு கேட்டதில்ல. சொன்னேன். மனுசன்தானே நானு.

அவன் ஒரு ஓவியக்காரியப் புடிச்சு லேபிள் வரைய வச்சான். ஆகா, என்ன அழகு! சர்ச்சு, கல்லறைத் தோட்டம், ஓடை, ரெண்டாப் பொளந்த பிர்ச் மரம், பெரிய கல்லு, அந்தக் கல்லுகிட்ட ஒரு குட்டி மஞ்சப் பழம். வழி பூரா புள்ளி புள்ளியா. மொதல்ல ஓடைய சர்ச்சுக்கு எடது பக்கம் போட்டுட்டா. நான் விடுவேனா? "இல்லம்மா, வலது பக்கம்"னு திருத்துனேன். பிர்ச் மரத்தையும் கொஞ்சம் தள்ளிப் போட வச்சேன். ஒரு வேலையச் செஞ்சா ஒழுங்காச் செய்யணும். பேரு என்ன வைக்கலாம்னாங்க. நான் யோசிக்கவே இல்ல. 'போர்கில்டு'ன்னேன். மாமியாருக்கு இதவிடப் பெரிய மரியாத எந்த மாப்பிள்ள செஞ்சிருக்கான், சொல்லுங்க!

...என்ன அப்பிடிப் பாக்குறீங்க? ஊசிய விட்டுட்டீங்க பாருங்க, ஒரு கண்ணி போச்சு.

அத்தைக்குப் பொறந்தநாள். ஊர்ப் பொதுக்கூடத்துல ஊரே கூடியிருக்கு. கேக்கு, காப்பி, பாதிரியாரு, எல்லாம். நான் எந்திரிச்சுப் பேசுனேன். நீளமாத்தான் பேசுனேன், இருந்தாலும் நல்லாப் பேசுனேன். பேசி முடிச்சு மொதல் பாட்டில அத்த கையில குடுத்தேன். அவங்க பேரப் பாத்தாங்க. லேசாச் சிரிச்சாங்க, சத்தியமாச் சிரிச்சாங்க. அப்புறம் கண்ணாடியப் போட்டாங்க.

சிரிப்பு நின்னுச்சு.

நான் வெகுளி. "அத்த, ஓடையக்கூட நான்தான் சரி பண்ணுனேன்"னு வேற சொல்றேன். பக்கத்துல இருந்த எட்வின் பொண்டாட்டி எட்டிப் பாத்தா. உடனே கைப்பையில இருந்து அவ கண்ணாடிய எடுத்தா. அடுத்தவ எடுத்தா. ஒரு கூடம் பூராக் கண்ணாடிப் பெட்டி தொறக்கற சத்தம்... டப்பு, டப்பு, டப்புன்னு... அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். கேக்கு மிச்சம். எங்க ஊர் விசேசத்துல கேக்கு மிஞ்சி நான் பாத்ததே இல்ல. எல்லாருக்கும் திடீர்னு வீட்டுல வேல வந்துருச்சு.

மறுநாள் காலையில கல்லறைத் தோட்டத்து வாசல்ல கார் நிறுத்த எடமில்ல. சாவே இல்லாம! ஆளுக்கொரு பூங்கொத்து கையில. சொந்தக்காரங்க பொதைஞ்சிருக்கறவனும் வந்தான், இல்லாதவனும் வந்தான். பாதிரியாரு அங்கிக்குக் கீழ ரப்பர் பூட்ஸ். பழம் அப்பப் பழுக்கக்கூட இல்லக்கா. பழுத்தாத்தானே மஞ்ச, அப்ப செக்கச் செவேல்னு காயி! காயையே பறிச்சுட்டுப் போனானுங்க, பாவிங்க.

அத்த சன்னல் தெரையப் போட்டுட்டாங்க. ரக்னா அழல, கத்தல. பொட்டிய எடுத்தா. கெளம்பறப்பத்தான் அந்த ஒரு வார்த்தக் கணக்கச் சொன்னா.

நான் சும்மா இருக்கலைக்கா. அதுக்குள்ள கடைக்குப் போயிருந்த எல்லா பாட்டிலயும் திரும்ப வாங்கிடணும்னு கெளம்புனேன். ஊர்க்காரன் திருடுனா நாளைக்கு மூஞ்சியப் பாக்கணும், கொஞ்சமாவது கூச்சம் இருக்கும். வெளியூர்க்காரன் கைக்கு அந்தப் படம் போனா? வடக்கு பூரா அரசாங்கக் கடை கடையா ஏறி, என் சரக்க நானே காசு குடுத்து வாங்குனேன். ஒரு கடைக்காரம்மா என்ன ஒரு மாதிரியாப் பாத்து, "வீட்டுல பேசுறதுக்கு யாராவது இருக்காங்களா?"ன்னு அன்பாக் கேட்டா. இதுல கொடும என்னன்னா, வைக்க வைக்கத் தீந்துபோகுதா, கடையெல்லாம் "சூப்பரா போகுது, இன்னும் அனுப்புங்க"ங்கறான்! பத்திரிகையில போட்டுட்டான், வடக்குல அதிகமா விக்கற புதுச் சாராயம்னு. பிரேபன் போன் பண்ணி, "சொன்னேன்ல மாமா?"ங்கறான். அடுத்த வருசத்துக்கு ஊராட்சி எனக்கு ஏதோ கேடயம் குடுக்குதாம்.

அம்புட்டு பாட்டிலயும் கொண்டுபோய் அத்த வாசல்ல அடுக்குனேன். தெரை ஆடுச்சு. தொறக்கல. அதான் எல்லாத்தையும் கார்ல ஏத்திட்டு ரக்னாகிட்டப் போறேன். பாரும்மா, ஒரு பாட்டில்கூட வெளிய இல்ல, மனசு வையின்னு சொல்லப் போறேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட? ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதுத்தாப்புல நாற்காலி காலியா இருக்கு. அதுகிட்டயும் பேசிப் பாத்தேன். ரக்னா அளவுக்குக் கேக்க மாட்டேங்குது.

ஆனா ஒண்ணுக்கா... இத யாருகிட்டயும் சொன்னதில்ல. ஊர்க்காரனுங்க பறிச்சது முன்பக்கம் மட்டுந்தான்! லேபிள்ல பெரிய கல்லோட படம் முடிஞ்சிருதுல்ல, அவனுங்களும் கல்லோட நின்னுட்டானுங்க. அந்தக் கல்லச் சுத்திப் பின்னாடி போனா ஒரு சின்ன எறக்கம். அங்கதான் அத்தையோட அசல் எடம். வெயில் கம்மி, தாமதமாத்தான் பழுக்கும். இந்த வாரம்தான், மஞ்ச மஞ்சேர்னு... அதப் பறிக்கப் போகணும்னுதான் அவங்க தெனமும் முட்டியத் தேய்ச்சு விட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நல்லவேளை, அது லேபிள்ல இல்ல.

...அட! படகுதான். வெளக்கு தெரியுது பாருங்க. ஒருவழியா வந்துருச்சு.

என்னக்கா? ...பாட்டிலா? பாக்கணுமா? ஐயோ, தாராளமா! இருங்க, இந்தக் கோட்டுப் பைக்குள்ளயே ஒண்ணு இருக்கு. காசெல்லாம் வேண்டாம், நான் விக்கக்கூடாது, சட்டம். வச்சுக்கங்க. இத்தன நேரம் கேட்டீங்களே, இதுகூடச் செய்யாட்டி நான் என்ன மனுசன். ரக்னா எண்ணவா போறா... ஆமா, கண்ணாடி போட்டுப் பாருங்க, சன்ன வேலைப்பாடு. ஆமா, அதுதான் ஓடை. வலது பக்கம்தான், உறுதியா வலது பக்கம். ஆமா, அதுதான் கல்லு. எறக்கம் கல்லுக்குப் பின்னாடி... வடக்குப் பக்கமாச் சுத்துனா சுலபம்.

எறங்கணுமா? சரி, சரி, நானும் என் வண்டிய எடுக்கணும்ல. ரொம்ப நன்றிக்கா. பின்னலப் பத்திரமா வைங்க. படகுல காப்பி வாங்கித் தர்றேன், மிச்சத்தயும் சொல்...

அக்கா? அக்கா, படகு இந்தப் பக்கம்! வரிசைய விட்டு எங்க திருப்புறீங்க? அந்த ரோட்டுல ஒண்ணுமே இல்லையே, எங்க ஊரு மட்டும்தானே... பின்சீட்டுல என்ன அது... வாளியா? அத்தனயும் வாளியா?

நில்லுங்க! ஏய்! அக்கா!

...போயிட்டா. போயே போயிட்டா, பாவி மக. ஒரு வார்த்த பேசல. எவ்வளவு நல்ல பொம்பளன்னு நெனச்சேன்.

இப்ப என்ன பண்றது? வெரட்டிட்டுப் போனா படகு போயிரும். படகுல போனா அந்த எறக்கம் போயிரும். ஊர்ல யாருக்காவது போன் போடலாம். யாருக்கு? எட்வினுக்கா? காக்கறதுக்குப் போயி அவனே பறிச்சுட்டு வந்துருவான். அத்தைக்குத்தான் போடணும். போட்டா என்னன்னு சொல்றது... சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு வாய மூடிக்கிட்டுப் படகுல ஏறிட்டா...

சே. அவங்க முட்டியத் தேச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்கடா.

...அத்த? நான்தான், ரைதார். வச்சுராதீங்க. நீங்க பேச வேண்டாம், கேட்டாப் போதும். ரேடியோச் சத்தம் கேக்குது, எடுத்துட்டீங்கன்னு தெரியும். அத்த, பூட்ஸப் போடுங்க, உடனே கெளம்புங்க. நீலக் கலர் சின்னக் காரு, வயசான பொம்பள, சாக்ஸ் பின்னுறவ, வண்டி பூரா வாளி. படகுத்துறையிலேருந்து இப்பத்தான் கெளம்பிருக்கா. நீங்க குறுக்கால ஏறுனா அவளுக்கு முன்னாடி போயிரலாம். எப்பிடித் தெரியும்னா... நான்தான் பாட்டிலக் குடுத்தேன். ஆமா, லேபிளோட. எறக்கமா? எறக்கமும்... சொன்னேன். ஆமா. வடக்குப் பக்கமாச் சுத்தச் சொன்னேன்.

...

என்னது? ...ஓட்டவாயனா. ஆமா அத்த. ...வெக்கங்கெட்டவன்தான். ஆமா. ...பஸ்ஸக் கட்டிக்கிட்டே அழுதிருக்கலாம், உண்மதான். ...ஐயோ, ரக்னாவ அந்தத் தபால்காரனுக்கே குடுத்திருக்கலாமா? அவனுக்கு ஒரு காது கேக்காதே அத்த... ஆமா, ஆமா, வாயி சின்னதுதான் அவனுக்கு...

அத்த! ஒரு நிமிசம்! அத்த, நீங்க பேசுறீங்க! எங்கிட்டப் பேசுறீங்க! இல்ல, இல்ல, நிறுத்தாதீங்க, திட்டுங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க, எங்கப்பாவையும் சேத்து... ஹலோ? ஹலோ?

வச்சுட்டாங்க. பூட்ஸ் போடப் போயிருப்பாங்க. அந்தச் சாக்ஸுக்காரி இன்னிக்கு யாருகிட்ட மாட்டப் போறான்னு அவளுக்குத் தெரியல.

ஏம்பா! படகு! ஏய், வண்டி ஏறுற பலகையத் தூக்காதப்பா, நான் ஒருத்தன் இருக்கேன்! வர்றேன், வந்துட்டேன்! எம்மாமியாரு என்னத் திட்டிட்டாங்கப்பா! ஒரு வார்த்ததான் கேட்டா எம் பொண்டாட்டி, ஒரு வண்டி வார்த்த கொண்டுட்டு வர்றேன், கொஞ்சம் எடம் விடு!